முதல் வார ஆக்டிவேஷன் பயனர்களைத் தங்க வைக்கிறதா என்பதை எப்படி அளப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் எழுதிவிடுகிறேன். குழுவாக வேலை செய்பவர்களுக்கான ஒரு மென்பொருளை நீங்கள் நடத்துகிறீர்கள். பதிவு செய்த முதல் ஏழு நாள்களுக்குள் ஒரு புராஜெக்டை உருவாக்கி, அதில் வேலைகளைச் சேர்த்து, சக ஊழியர் ஒருவரையாவது அழைத்தவரை ‘ஆக்டிவேட் ஆனவர்’ என்று கணக்கிடுகிறீர்கள். இப்படி ஆனவர்கள், ஆகாதவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகத் தொண்ணூறு நாள்களுக்குப் பிறகும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே வரும் மாதங்களின் உழைப்பு முழுவதையும் ஆக்டிவேஷன் விகிதத்தை உயர்த்துவதில் செலவிடலாம் என்று நிர்வாகம் கருதுகிறது. இந்த முடிவு சரி என்பதை எந்த அளவீட்டைக் கொண்டு காட்டுவது என்று கேட்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது இதுதான் என்று நினைக்கிறேன்: தன் போக்கில் விட்டிருந்தால் அந்த மூன்று செயல்களையும் செய்திருக்காத ஒருவரை நாம் செய்ய வைத்தால், அதன் காரணமாக அவர் தங்குவாரா? கையில் இருக்கும் ஒப்பீடு, தாமாகவே செய்தவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. நிர்வாகம் பணம் செலவிடப் போவதோ தாமாகச் செய்யாதவர்கள் மீது.

நான் புள்ளியியல் படித்துவிட்டு, முதலில் மருத்துவ ஆய்வுத் தரவுகளிலும் பிறகு பல ஆண்டுகள் மென்பொருள் நிறுவனங்களின் பயனர் தரவுகளிலும் பணியாற்றியவன். நீங்கள் எதிர்கொள்ளும் சிக்கலை மருத்துவத் துறை ஏற்கெனவே பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதால், கீழே சில எடுத்துக்காட்டுகளை அங்கிருந்து எடுத்திருக்கிறேன். என் பதிலின் சாரம் இதுதான்: பழைய தரவை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தாலும் உங்கள் கேள்விக்கு உறுதியான விடை அதிலிருந்து கிடைக்காது, புதிய பயனர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அவர்களை மட்டும் ஆக்டிவேஷனை நோக்கித் தூண்டி, இரு தரப்பிலும் பதிவு செய்த அனைவரையும் கடைசி வரை எண்ணினால் கிடைக்கும்.

கணக்கு எளிதாக இருக்க, கற்பனையான எண்களை வைத்துக்கொள்வோம். 10,000 பேர் பதிவு செய்கிறார்கள். 3,000 பேர் ஆக்டிவேட் ஆகிறார்கள். அவர்களில் 1,440 பேர், அதாவது 48 சதவீதம், தொண்ணூறாவது நாள்வாக்கில் இருக்கிறார்கள். மீதி 7,000 பேரில் 560 பேர், அதாவது 8 சதவீதம், இருக்கிறார்கள். மொத்த ரிடென்ஷன், அதாவது தங்கியவர்களின் விகிதம், 20 சதவீதம். இரு தரப்புக்கும் இடையே 40 சதவீதப் புள்ளி இடைவெளி. டேஷ்போர்டில், அதாவது இத்தகைய எண்களைத் தொகுத்துக் காட்டும் திரையில், இந்த இடைவெளியைப் பார்ப்பவருக்கு, ஆக்டிவேஷனை உயர்த்தினால் ரிடென்ஷன் தானாக ஏறிவிடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் முதல் வாரத்திலேயே சக ஊழியரை அழைத்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே ஒரு குழு இருக்கிறது, முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது, மென்பொருளை வாங்கும் அதிகாரமோ நெருக்கடியோ இருக்கிறது. அந்தத் தேவைதான் அவரை முதல் வாரத்தில் செயல்பட வைத்தது. அதே தேவைதான் மூன்றாம் மாதத்திலும் அவரை வைத்திருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவருக்கு அந்தத் தேவை இல்லை. அவரும் அதே மூன்று பொத்தான்களை அழுத்திவிட்டால் தேவை பிறந்துவிடாது. 40 புள்ளி இடைவெளியில் எவ்வளவு பங்கு தேவையினுடையது, எவ்வளவு பங்கு ஆக்டிவேஷனுடையது என்பதைப் பிரித்துச் சொல்லும் தகவல் அந்த அட்டவணையில் இல்லை.

இதைப் பெரும்பாலோர் அறிந்திருக்கிறார்கள். அதே அளவுக்கு ஆபத்தான, ஆனால் மிகக் குறைவாகவே கவனிக்கப்படும் இன்னொரு பிழை காலத்தைச் சார்ந்தது. அமெரிக்காவில் இதய மாற்று அறுவைச் சிகிச்சை தொடங்கிய காலத்தில், புதிய இதயம் பெற்ற நோயாளிகள் பெறாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று அறிக்கைகள் வந்தன. 1972இல் புள்ளியியலாளர் மிட்செல் கெய்ல் அதிலுள்ள குறையைச் சுட்டிக்காட்டினார்: பொருத்தமான இதயம் கிடைக்கும் வரை உயிரோடு காத்திருந்தவருக்குத்தான் அறுவைச் சிகிச்சை நடந்தது, காத்திருக்கும்போதே இறந்தவர் தாமாகவே ‘சிகிச்சை பெறாதவர்’ கணக்கில் சேர்ந்துவிட்டார். சிகிச்சை எந்தப் பயனும் தராதிருந்தாலும்கூட அந்த ஒப்பீடு அதைப் பயனுள்ளதாகவே காட்டியிருக்கும். உங்கள் தரவிலும் இதுவே நடக்கிறது. ஆறாம் நாளில் சக ஊழியரை அழைத்தவர், ஆறாம் நாள் வரை உங்களோடு இருந்தவர். இரண்டாம் நாளிலேயே வெளியேறியவருக்கு அந்த வாய்ப்பே வாய்க்கவில்லை. ஆக்டிவேட் ஆனவர் என்ற பெயரிலேயே ‘அதுவரை தங்கியவர்’ என்ற தகுதி ஒளிந்திருக்கிறது. பிறகு அவர் தங்கினார் என்று வியப்பதில் பொருள் இல்லை.

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் எண்களையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். ஃபேஸ்புக்கின் வளர்ச்சிக் குழுவை நடத்திய சமத் பாலிஹபிட்டியா, பத்து நாள்களில் ஏழு நண்பர்கள் என்ற இலக்கைப் பற்றிப் பொதுவெளியில் பேசியிருக்கிறார். குழு உரையாடல் மென்பொருளான ஸ்லாக்கின் இணை நிறுவனர் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு, 2,000 செய்திகளைப் பரிமாறிக்கொண்ட குழுக்களில் 93 சதவீதம் இன்னும் ஸ்லாக்கைப் பயன்படுத்துகின்றன என்று சொன்னார். அந்தக் கூற்றுகளில் பிழை இல்லை. நிறுவனம் முழுவதையும் ஒரே திசையில் நிறுத்த அப்படியொரு எண் பெரிதும் உதவும் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் 2,000 செய்திகளை எட்டுவதற்கே ஒரு குழு சில காலம் தங்கியிருக்க வேண்டும். தங்கியவர்களின் அடையாளத்தைச் சொல்லும் வாக்கியத்தை, தங்க வைக்கும் வழியைச் சொல்லும் வாக்கியமாக நாம்தான் மாற்றிப் படித்துக்கொள்கிறோம்.

காலப் பிழையைக் குறைக்க மருத்துவப் புள்ளியியலில் ஒரு நேரடியான வழி உண்டு. ஆண்டர்சன், கெய்ன், கெல்பர் ஆகியோர் 1983இல் அதை முறைப்படுத்தினார்கள். ஒரு நாளை எல்லைக்கல்லாக முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏழாம் நாள் பொருந்தும். அன்றும் ‘இருக்கிறார்’ என்று சொல்லத்தக்கவர்களை மட்டும், உதாரணமாக ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஒருமுறையாவது உள்ளே வந்தவர்களை மட்டும், எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஆக்டிவேட் ஆனவர், ஆகாதவர் என்று அவர்களைப் பிரித்து, எட்டாம் நாளிலிருந்து கடிகாரத்தை ஓட விடுங்கள். ஏழாம் நாளுக்குப் பிறகு ஆக்டிவேட் ஆனவரை மறுபக்கத்துக்கு மாற்றக் கூடாது. இப்படிச் செய்தாலே இடைவெளி சுருங்குவதைப் பார்ப்பீர்கள். சில தயாரிப்புகளில் பாதியாகக்கூடச் சுருங்கி நான் கண்டிருக்கிறேன். எனினும் இது காலப் பிழையை மட்டுமே நீக்குகிறது, தேவையில் உள்ள வேறுபாடு அப்படியேதான் நிற்கிறது.

அளவுகோலைப் பற்றியும் இரண்டு எச்சரிக்கைகள். ஆக்டிவேஷனையும் ரிடென்ஷனையும் ஒரே செயலால் வரையறுக்காதீர்கள். அழைக்கப்பட்ட சக ஊழியர் அனுப்பும் நோட்டிபிகேஷனைத் திறப்பதும் ரிடென்ஷனாக எண்ணப்பட்டால், அழைப்பு விடுத்தவர் தங்கியதாகத் தெரிவது அளவுகோலின் விளைவே தவிர வேறில்லை. உங்கள் தயாரிப்பின் பயனை அவர் உண்மையில் அடைந்தார் என்று சொல்லக்கூடிய ஒரு செயலை, எண்பத்து நான்காம் நாளிலிருந்து தொண்ணூறாம் நாள் வரையிலான வாரத்தில் ஒருமுறையாவது செய்தாரா என்று பாருங்கள். ஒற்றை நாளைப் பார்த்தால் வார விடுமுறைகூட முடிவை அசைத்துவிடும். அடுத்தது, அந்த மூன்று செயல்களையும் ஏழு நாள் என்ற எல்லையையும் எப்படித் தேர்ந்தீர்கள் என்பது. பல டஜன் செயல்களையும் பல கால எல்லைகளையும் அலசி, ரிடென்ஷனோடு மிக நெருங்கியிருப்பதைப் பொறுக்கியெடுத்திருந்தால், அந்த நெருக்கத்தில் ஒரு பகுதி தற்செயலானது. பாதித் தரவில் தேர்ந்து மறுபாதியில் சரிபார்ப்பது குறைந்தபட்ச ஒழுக்கம்.

இனி சோதனைக்கு வருகிறேன். ஆக்டிவேஷனை நேரடியாகக் குலுக்கிக் கொடுக்க முடியாது. ஒருவரைக் கட்டாயப்படுத்திச் சக ஊழியரை அழைக்க வைக்க இயலாது. தூண்டுதலைக் குலுக்கிக் கொடுக்கலாம். பதிவு செய்யும் கணத்திலேயே பாதிப் பேருக்குப் புதிய ஆன்போர்டிங் (புதியவரை மென்பொருளுக்குப் பழக்கும் படிகள்), வழிகாட்டி, நினைவூட்டல் ஆகியவற்றைக் கொடுங்கள். மறுபாதிக்கு இப்போதுள்ளதையே விட்டுவையுங்கள். பிறகு இரு தரப்பிலும் பதிவு செய்த ஒவ்வொருவரையும், அவர் ஆக்டிவேட் ஆனாலும் ஆகாவிட்டாலும், தொண்ணூறாம் நாள் வரை எண்ணுங்கள். ‘தூண்டப்பட்டவர்களில் ஆக்டிவேட் ஆனவர்களை மட்டும்’ எடுத்து மறுதரப்போடு ஒப்பிட்ட அடுத்த நொடியே குலுக்கலின் பயன் முழுவதும் போய்விடும். நான் மேற்பார்த்த ஆய்வுகளில் மிக அதிகமாகத் திருத்த நேர்ந்த தவறு இதுவே. இரு குழுக்களின் எண்ணிக்கையும் திட்டமிட்ட விகிதத்தில் வந்திருக்கிறதா என்பதையும் தொடக்கத்திலேயே சரிபாருங்கள். சம பாதியாகப் பிரித்த சோதனையில் ஒரு பக்கம் கணிசமாகக் குறைந்தால், பிரிக்கும் முறையிலோ தரவைப் பதியும் கருவியிலோ கோளாறு இருக்கிறது என்று பொருள். அதன் முடிவுகளைப் பார்க்கவே வேண்டாம்.

மேலே சொன்ன கற்பனை எண்களையே தொடர்வோம். தூண்டுதலால் ஆக்டிவேஷன் 30 சதவீதத்திலிருந்து 35 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 புள்ளி இடைவெளி முழுவதும் ஆக்டிவேஷனின் விளைவாக இருந்திருந்தால், ரிடென்ஷன் 20இலிருந்து 22 சதவீதமாக ஏற வேண்டும். 5 சதவீதப் புள்ளியில் 40 சதவீதம் 2 புள்ளி. சோதனையில் அது 20.5 சதவீதம்தான் ஆகிறது என்றால், அரைப் புள்ளியை ஐந்து புள்ளியால் வகுக்கக் கிடைப்பது 10 சதவீதம். அதாவது தூண்டுதலால் புதிதாக ஆக்டிவேட் ஆன நூறு பேரில் பத்துப் பேர் அதன் காரணமாகத் தங்குகிறார்கள். டேஷ்போர்டு நாற்பது என்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வகுத்தலின் பொருளையும் நிபந்தனைகளையும் 1996இல் ஜோஷுவா ஆங்ரிஸ்ட், கைடோ இம்பென்ஸ், டொனால்டு ரூபின் ஆகியோர் தெளிவுபடுத்தினார்கள். முதல் இருவருக்கும் 2021இல் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த இரண்டு எண்களும் ஒரே அளவு உறுதியானவை அல்ல. தூண்டுதலைக் கொடுத்தால் மொத்த ரிடென்ஷன் அரைப் புள்ளி ஏறுகிறது என்பது, குலுக்கல் ஒழுங்காக நடந்திருந்தால், வேறெந்த ஊகத்தையும் சாராத கூற்று. ‘ஆக்டிவேஷனின் விளைவு 10 புள்ளி’ என்பது இரண்டு ஊகங்களின் மேல் நிற்கிறது. தூண்டுதல் ரிடென்ஷனை ஆக்டிவேஷன் வழியாக மட்டுமே தொட வேண்டும் என்பது முதலாவது. ஒரு நல்ல வழிகாட்டி, மூன்று செயல்களையும் செய்யாதவருக்குக்கூட மென்பொருளின் மேல் நம்பிக்கையை வளர்க்கலாம், தொடர் நினைவூட்டல்கள் ஆக்டிவேட் ஆக இருந்தவரையே எரிச்சலூட்டி விரட்டலாம். தூண்டுதலால் ஆக்டிவேஷனிலிருந்து பின்வாங்குபவர் எவரும் இருக்கக் கூடாது என்பது இரண்டாவது. இவை பொருந்தினாலும் அந்த 10 புள்ளி எல்லாப் பயனர்களையும் பற்றியது அல்ல, இந்தக் குறிப்பிட்ட தூண்டுதலுக்கு அசைந்துகொடுத்தவர்களை மட்டும் பற்றியது. வேறொரு தூண்டுதல் வேறு மனிதர்களை அசைக்கும், எண்ணும் மாறும். எனவே நிர்வாகத்திடம் முதல் எண்ணை முடிவாகவும், இரண்டாவதை விளக்கமாகவும் வையுங்கள்.

ஆக்டிவேஷன் ஏறியதே போதும், ரிடென்ஷன் பின்னால் வரும் என்று யாரேனும் சொன்னால் அதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். மாரடைப்புக்குப் பிறகு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோயாளிகள் அதிகம் இறக்கிறார்கள் என்று தெரிந்திருந்ததால், அந்த ஒழுங்கின்மையை அடக்கும் மருந்துகள் உயிர் காக்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். அமெரிக்காவில் நடந்த ‘காஸ்ட்’ என்ற பெரிய சோதனையில் என்கைனைடு, ஃப்ளெகைனைடு ஆகிய மருந்துகள் துடிப்பை ஒழுங்காக்கவே செய்தன. ஆனால் சோதனையில் இந்த இரு மருந்துகளுக்கான பகுதியில் சேர்ந்த 1,498 நோயாளிகளில் மருந்து பெற்ற தரப்பில் 63 பேரும், ஏறக்குறைய அதே அளவுள்ள மறுதரப்பில் 26 பேரும் இறந்தார்கள். 1989இல் அந்தப் பகுதி நிறுத்தப்பட்டது. இடைநிலை அளவுகோல் முன்னேற, இறுதி விளைவு மோசமானது. உங்கள் துறையில் உயிர்கள் பணயம் இல்லை என்றாலும் ஏமாற்றத்தின் அமைப்பு ஒன்றுதான். மூன்று செயல்களையும் முடிக்காமல் உள்ளே போக முடியாது என்று திரையை மாற்றினால் ஆக்டிவேஷன் ஒரே நாளில் எகிறும். வெற்று புராஜெக்டுகளும், அழைப்பை ஏற்காத சக ஊழியர்களும் பெருகுவார்கள். ஆகவே தூண்டப்பட்டு வந்த ஆக்டிவேஷனின் தரத்தையும் பாருங்கள்: அழைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் ஏற்றார்கள், உருவான புராஜெக்டுகளில் எத்தனையில் இரண்டாம் வாரத்தில் வேலை நடந்தது என்பவை பல செய்திகளைச் சொல்லும்.

மாதிரி அளவில்தான் பெரும்பாலான நல்ல திட்டங்கள் முறிந்துபோகின்றன. விளைவு இல்லாதபோது இருப்பதாகத் தவறாக முடிவெடுக்கும் வாய்ப்பை வழக்கமான 5 சதவீதத்துக்குள் வைப்பதற்கும், விளைவு இருந்தால் 80 சதவீத வாய்ப்பில் அதைக் கண்டுபிடிக்கும் திறனுக்கும், ஒவ்வொரு குழுவிலும் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கையை ஒரு எளிய சூத்திரத்தால் தோராயமாக அறியலாம்: ரிடென்ஷன் விகிதத்தை, ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியால் பெருக்கி, 16ஆல் பெருக்கி, கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாட்டின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 20 சதவீத ரிடென்ஷனில் 2 புள்ளி உயர்வைக் காண ஒரு குழுவுக்கு 6,400 பேர் போதும். அரைப் புள்ளியைக் காண 1,02,400 பேர் வேண்டும். அத்தனை பேர் இருந்தும் அந்த அரைப் புள்ளியின் நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, ஏறக்குறைய 0.15 முதல் 0.85 வரை நீளும்; ஐந்தால் வகுக்கும்போது ஆக்டிவேஷனின் விளைவு 3 முதல் 17 புள்ளி வரை எங்கும் இருக்கலாம். பழைய பயனர்கள் மீதான சோதனைகளில் இந்தத் தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் குறைக்க, மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ‘கியூபெட்’ முறை மிகவும் உதவும். அது சோதனைக்கு முந்தைய நடத்தையைப் பயன்படுத்துகிறது. புதிதாகப் பதிவு செய்பவருக்கு முந்தைய நடத்தை கிடையாது என்பதால் உங்களுக்கு அதன் பலன் சொற்பமே. எந்த வழியாக வந்தார், எந்தக் கருவி, நிறுவனத்தின் அளவு என்ன என்று பதிவின்போதே தெரிந்தவற்றைச் சேர்க்கலாம், சிறிதளவு உதவும். ஆட்கள் குறைவு என்றால் சோதிக்கும் திறனைக் கூட்ட ஒரு வழிதான் உண்டு: பலவீனமான பத்துத் தூண்டுதல்களை வரிசையாகச் சோதிக்காமல், ஆக்டிவேஷனைப் பெரிதாக அசைக்கக்கூடிய ஒன்றை மட்டும் துணிந்து சோதிப்பது.

உங்கள் தயாரிப்புக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மூன்றாவது செயல் சக ஊழியரை அழைப்பது. ஒரே நிறுவனத்தில் ஒருவர் தூண்டப்பட்ட குழுவிலும் மற்றவர் மறுகுழுவிலும் விழுந்தால், முதலாமவரின் அழைப்பு இரண்டாமவரையும் மாற்றிவிடும். இரு குழுக்களும் ஒன்றையொன்று ஒத்துப்போய், உண்மையான விளைவு சிறிதாகத் தோன்றும். எனவே தனி மனிதர்களை அல்ல, நிறுவனக் கணக்குகளைக் குலுக்கலில் பிரியுங்கள். ஆய்வையும் அதே அலகில் செய்யுங்கள். இதனால் மாதிரி அளவு இன்னும் சுருங்கும், ஆனால் வேறு வழி இல்லை.

தொண்ணூறு நாள் காத்திருக்க முடியாது என்ற மறுப்பு கட்டாயம் வரும். சூசன் ஏதி, ராஜ் செட்டி, கைடோ இம்பென்ஸ், ஹ்யுன்சுங் காங் ஆகியோர் 2019இல் முன்வைத்த முறையில், ஒன்றுக்குப் பதிலாகப் பல முன்கால அளவுகோல்களைச் சேர்த்து நீண்டகால விளைவைக் கணிக்கிறார்கள். உங்களுக்கு அது முதல் நான்கு வாரங்களின் பயன்பாட்டு நாள்கள், குழுவின் அளவு, முடிந்த வேலைகள் முதலியவற்றிலிருந்து தொண்ணூறாம் நாளைக் கணிப்பதாக அமையும். தூண்டுதலின் விளைவு முழுவதும் அந்த அளவுகோல்கள் வழியாகவே பாய வேண்டும் என்பது அதன் ஊகம். ‘காஸ்ட்’ சோதனையில் உடைந்ததும் இத்தகைய ஊகமே. அதனால் இடைக்கால முடிவுக்கு இதைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் சோதனையை அந்த நான்கு வாரத்தோடு கலைத்துவிடாதீர்கள். புதிய ஆன்போர்டிங்கை எல்லோருக்கும் திறந்த பிறகும், ஐந்து அல்லது பத்து சதவீதக் கணக்குகளைப் பழைய அமைப்பிலேயே ஆறு மாதம் வைத்திருங்கள். கணிப்பு பொய்த்ததா என்பது அவர்களைப் பார்த்தால்தான் தெரியும்.

குலுக்கல் அறவே முடியாத சூழல் என்றால், எல்லைக்கல் முறையோடு பதிவுக்கு முன்பே தெரிந்த தகவல்களைக் கொண்டு சரிசெய்து ஒப்பிடலாம். பதிவுக்குப் பின் நடந்தவற்றை ரெக்ரஷனில், அதாவது பல காரணிகளைச் சேர்த்துச் சரிசெய்யும் கணக்கில், சேர்த்தால் விளைவின் ஒரு பகுதியையே அழித்துவிடுவீர்கள். பிறகு, நாம் அளக்காத ‘தேவை’ எவ்வளவு வலுவாக இருந்தால் மிச்சமுள்ள இடைவெளியும் மறைந்துவிடும் என்று கணக்கிடுங்கள். புள்ளியியலாளர்கள் வாண்டர்வீலும் டிங்கும் 2017இல் தந்த ‘ஈ மதிப்பு’ இதற்கானது. ஆன்போர்டிங் மாறிய தேதிக்கு முன்னும் பின்னும் சேர்ந்தவர்களை ஒப்பிடுவதும் ஒரு வழியே. ஆனால் அதே வாரத்தில் விளம்பர வழி மாறியிருந்தால் வந்தவர்களே வேறு மனிதர்கள். இந்த வழிகளில் கிடைக்கும் விடையை ‘இருக்கலாம்’ என்ற அளவுக்கு மேல் நான் எழுத மாட்டேன்.

நிர்வாகத்தோடு பேசும்போது, சோதனை தொடங்கும் முன்பே ஒன்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: ஆக்டிவேஷன் ஏறி, ரிடென்ஷன் அசையவில்லை என்றால் என்ன செய்வோம்? முடிவு வந்த பிறகு இதைக் கேட்டால், இன்னும் கொஞ்சம் காத்திருப்போம் என்ற விடைதான் வரும். முன்பே கேட்டால், அந்த நிலையில் உழைப்பை எங்கே திருப்புவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். சரியான தேவையுள்ளவர்களை அழைத்துவரும் வழிகளா, இரண்டாம் மாதத்தில் அவர்கள் ஏன் விலகுகிறார்கள் என்ற ஆராய்ச்சியா என்ற விவாதம் அப்போதே தொடங்கும். உங்கள் தரவில் அதற்கான ஒரு தடயம் இப்போதே இருக்கிறது: ஆக்டிவேட் ஆகியும் தங்காதவர்கள். அவர்கள் உங்கள் மூன்று செயல்களையும் செய்து முடித்த பிறகு வெளியேறியவர்கள். அவர்களில் சிலரைத் தொடர்புகொண்டு, கடைசியாக எந்த வேலைக்காக மென்பொருளைத் திறந்தார்கள் என்று இந்த வாரமே கேட்கத் தொடங்கலாம். அதற்குச் சோதனை முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.